வீட்டில் வைத்த டோன் மேடையில் ஏன் மாறுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற தீபாவளிக் காலத்தில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் நடந்த ஒரு கலை நிகழ்ச்சியில் என் அண்ணன் மகன் கிட்டார் வாசித்தான். தேசிய சேவையை முடித்துவிட்டு இப்போதுதான் வேலைக்குப் போகிறான், முதல் சில மாதச் சம்பளத்தில் சேர்த்து வைத்து ஒரு டிஜிட்டல் ஆம்ப் மாடலிங் பெடல் (கிட்டார் ஆம்ப் என்ற ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கணினிக் கணக்கில் போலச் செய்யும், காலால் மிதிக்கும் பெட்டி) வாங்கினான், ஐந்து பாட்டுக்கு ஐந்து டோன், அதாவது ஐந்து விதமான கிட்டார் சத்தம், செய்வதற்காக மூன்று வாரம் இரவு இரவாக ஹெட்போனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் அறையில் நானும் கேட்டேன், உண்மையிலேயே நன்றாக இருந்தது. மேடையில் முதல் பாட்டில் இவன் வாசிக்கிறானா இல்லையா என்றே தெரியவில்லை, கீபோர்டுக்கும் டிரம்ஸுக்கும் அடியில் எங்கோ புதைந்து போய்விட்டது. இரண்டாவது பாட்டில் லீட் (கிட்டார் தனியாக வாசிக்கும் இடம்) வந்ததும் காதைக் கிழித்தது, முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். மூன்றாவது பாட்டிலிருந்து பையன் தலை நிமிரவே இல்லை. காலால் மிதிப்பதும் குனிந்து குமிழைத் திருப்புவதுமாகவே நிகழ்ச்சியை முடித்தான்.

கீழே இறங்கி வந்ததும் நான்கு பேர் நான்கு விதமாக ஆறுதல் சொன்னார்கள், ஆனால் எல்லோரும் சொன்னதன் சாரம் ஒன்றுதான்: இந்தப் பெட்டியெல்லாம் விளையாட்டுச் சாமான், உண்மையான வால்வ் ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வைத்த பழைய பாணி ஆம்ப்) வாங்கு தம்பி. வீட்டுக்குப் போனதும் பெடலை விற்றுவிடப் போகிறேன் என்றான். நான்தான் நிறுத்தி வைத்தேன்.

இந்த ஊரில் 30 ஆண்டுகளாக கிட்டார் வாசிக்கிறேன். கல்யாண விருந்து, கோயில் மண்டபம், புளோக் கீழ்த்தளம், பள்ளி அரங்கம் என்று எல்லா இடத்திலும் வாசித்திருக்கிறேன். "வீட்டில் ஒரு சத்தம், மேடையில் ஒரு சத்தம்" என்ற புலம்பலை நம் பிள்ளைகளிடம் அடிக்கடி கேட்கிறேன். அவர்கள் அடுத்த பெடல், அதற்கடுத்த பெடல் என்று வாங்கிக்கொண்டே போகிறார்கள், பிரச்சினை அப்படியே இருக்கிறது. நம் குழுக்களில் வாசிக்கிறவர்கள், பிள்ளைக்கு கிட்டார் வாங்கிக் கொடுத்த பெற்றோர், நிகழ்ச்சி ஏற்பாடு செய்கிறவர்கள் மூன்று தரப்பும் படிப்பார்கள் என்பதால்தான் இதை உங்கள் நாளிதழுக்கு எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எலக்ட்ரிக் கிட்டாரின் சத்தத்தில் பாதி கிட்டாரில் இருந்து வருவதில்லை, ஆம்ப்பில் இருந்தும் அதன் ஸ்பீக்கரில் இருந்தும்தான் வருகிறது. 1961இல் பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய ஷேடோஸ் கிட்டார் குழுவும் இங்கே ஹேப்பி வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் வந்து வாசித்துவிட்டுப் போன பிறகு சிங்கப்பூரில் வீதிக்கு ஒரு கிட்டார் குழு முளைத்ததை மூத்தவர்கள் இன்னமும் சொல்வார்கள், அன்று எல்லோரையும் மயக்கிய அந்த ஷேடோஸ் சத்தத்துக்குப் பின்னால் இருந்தது வாக்ஸ் ஏசி30 ஆம்ப். 30 வாட்தானே என்று நினைக்காதீர்கள், அதன் குணம் முழுவதும் வெளிவரும் அளவுக்குத் திருப்பினால் வீவக அடுக்குமாடி வீட்டில் மேல்மாடி, கீழ்மாடி, எதிர்வீடு எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். அதனால்தான் மாடலர், அதாவது அண்ணன் மகன் வாங்கிய மாதிரிப் பெட்டி, நமக்கு வரமாக வந்தது. லைன் 6 நிறுவனத்தின் பாட் (POD) என்ற மாடலர் 1998இல் வந்தது, சிவப்பாகச் சிறுநீரக வடிவில் இருக்கும், பலர் பார்த்திருப்பீர்கள். அதே நிறுவனத்தின் ஹீலிக்ஸ் 2015இல் வந்தது. இப்போது கைக்கு அடக்கமான பெடலிலேயே ஆம்ப், கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி), மைக், ரிவர்ப் (மண்டப எதிரொலி) அத்தனையும் கணக்காக ஓடுகிறது. பையில் போட்டுக்கொண்டு எம்ஆர்டியில் போகலாம், நள்ளிரவில் ஹெட்போனில் வாசிக்கலாம்.

இந்தக் கணக்கு மாறுவதில்லை என்பதுதான் நான் முதலில் சொல்ல வருவது. வால்வ் ஆம்ப்பில் வால்வ் தேயும், சூடேறினால் குணம் மாறும். மாடலருக்குள் இருப்பது எண்கள். அதே எண்ணை உள்ளே விட்டால் நேற்றும் இன்றும் நாளையும் அதே எண்தான் வெளியே வரும். அப்படியானால் மாறுவது எது? உள்ளே போவது மாறுகிறது, வெளியே வந்த பிறகு போகும் வழி மாறுகிறது, கடைசியில் நம் காது மாறுகிறது. இந்த மூன்றையும் கட்டுக்குள் வைத்தால் 200 வெள்ளிப் பெடலும் நிலையாக ஒலிக்கும், வைக்காவிட்டால் 2,000 வெள்ளிப் பெடலும் காலை வாரிவிடும்.

காதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் அண்ணன் மகனை அன்று கவிழ்த்தது முக்கியமாக அதுதான். ஒரே சத்தத்தை மெதுவாகக் கேட்கும்போதும் பலமாகக் கேட்கும்போதும் நம் காது ஒரே மாதிரி கேட்பதில்லை. 1933இலேயே பெல் ஆய்வுக்கூடத்தில் ஹார்வி ஃப்ளெட்சர், வில்டன் மன்சன் என்ற இருவர் இதை அளந்து காட்டிவிட்டார்கள். 1000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றைக் கேட்க வைத்து, மற்ற சுருதிகள் எவ்வளவு பலமாக இருந்தால் அதற்குச் சமமாகத் தோன்றும் என்று ஆட்களைக் கேட்டுக் கேட்டு வரைந்த கோடுகள் அவை. மெதுவான சத்தத்தில் அடித்தளமான பேஸ் நமக்குச் சரியாகக் கேட்பதில்லை, உச்சியில் இருக்கும் ட்ரெபிளும் கொஞ்சம் மங்கித்தான் கேட்கும், நடுவில் இருக்கும் மிட்தான் தெளிவாகக் கேட்கும் என்பது அதில் தெரியவந்தது. சத்தம் ஏற ஏற இந்த வித்தியாசம் குறைந்து பேஸும் ட்ரெபிளும் முன்னால் வந்துவிடும்.

இப்போது ஒரு பையன் இரவு 11 மணிக்குத் தன் அறையில் மெதுவாக வைத்துக்கொண்டு டோன் செய்வதை நினைத்துப் பாருங்கள். பேஸ் போதவில்லை என்று காது சொல்கிறது, கூட்டுகிறான். பளபளப்பு இல்லை, ட்ரெபிளைக் கூட்டுகிறான். மிட் மட்டும் மூக்கடைத்த மாதிரி நிற்கிறது, குறைக்கிறான். அந்தச் சத்தத்துக்கு அது சரியான முடிவுதான், அவன் காதில் ஒரு குறையும் இல்லை. அதே டோனை சமூக மன்ற ஸ்பீக்கரில் 95 டெசிபலுக்கு ஏற்றினால் கூட்டி வைத்த பேஸ் வீங்கி பேஸ் கிட்டாரோடும் கிக் டிரம்மோடும் மோதும், கூட்டி வைத்த ட்ரெபிள் ஊசியாகக் குத்தும், கிட்டார் என்று ஒன்று இருப்பதைக் கூட்டத்துக்குச் சொல்லக்கூடிய மிட் மட்டும் அங்கே இருக்காது. முதல் பாட்டில் புதைந்து போனதற்கும் இரண்டாவது பாட்டில் காதைக் கிழித்ததற்கும் காரணம் ஒன்றேதான்.

இதற்கு மருந்து, டோனை மேடைச் சத்தத்தில் வைத்துச் செய்வது. வீட்டில் முடியாது, முடியவும் கூடாது, அக்கம்பக்கத்தார் பாவம். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஜாமிங் ஸ்டூடியோக்கள் நம் ஊரில் நிறைய உண்டு, குழுவாகப் பகிர்ந்துகொண்டால் ஆளுக்குச் சில வெள்ளிதான் வரும். ஒத்திகைக்குப் போகும் நாளில் அரை மணி நேரம் முன்னால் போய் பெடலை அங்குள்ள பெரிய ஸ்பீக்கரில் மாட்டி, கைப்பேசியில் ஒரு டெசிபல் செயலியை வைத்துக்கொண்டு 90க்கு அருகில் நிறுத்தி, அங்கே பேஸ், மிட், ட்ரெபிளைத் திருத்திச் சேமியுங்கள். கைப்பேசி மீட்டர் துல்லியமாக இராது, ஆனால் ஒவ்வொரு முறையும் அதே கைப்பேசியில் அதே தூரத்தில் இருந்து பார்த்தால் ஒப்பிடுவதற்குப் போதும். அப்புறம் வீட்டுக்கு வந்து ஹெட்போனில் கேட்டால் அந்த டோன் கொஞ்சம் வெறிச்சென்று, மிட் தூக்கலாகக் கேட்கும். அதைத் தொடாதீர்கள். வீட்டுக்கென்று தனியாக ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள், மேடைப் பிரதியில் கை வைக்கவே வேண்டாம்.

காது என்று சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன், பெற்றோர் கவனிக்க வேண்டும். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிவிடும். அப்படியானால் 94இல் ஒரு மணி நேரம்தான். காதடைப்பான் போட்டுக்கொண்டு ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள். காது போனால் எந்த டோனும் திரும்ப வராது.

அடுத்து, பெடலை விட்டு வெளியே போகும் வழி. கிட்டார் ஆம்ப்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் முழுச் சத்தத்தையும் தருவதில்லை, 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் அது வேகமாக விழுந்துவிடும். நாம் "கிட்டார் சத்தம்" என்று மனதில் வைத்திருப்பது அந்த விழுந்த சத்தத்தைத்தான். மாடலரில் கேபினெட் என்று ஒரு பகுதி இருக்கிறதே, அது இந்த ஸ்பீக்கரின் வேலையையும் அதன் முன் வைத்த மைக்கின் வேலையையும் செய்கிறது. நேராக மிக்சருக்கு (எல்லாச் சத்தத்தையும் கலந்து பெரிய ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டிக்கு) போகும்போது அது இருந்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் டிஸ்டார்ஷன் (வேண்டுமென்றே சேர்க்கும் கரகரப்பு) தேனீக்கூட்டம் மாதிரி இரையும். ஆனால் ஒரு நிஜ கிட்டார் ஆம்ப்புக்குள் மாட்டும்போது அது இருந்தால் கேபினெட்டுக்கு மேல் கேபினெட் என்றாகி, போர்வைக்குள் இருந்து பாடுகிற மாதிரி மந்தமாகிவிடும்.

எனக்கே இது நடந்திருக்கிறது. ஒரு திருமண விருந்தில் மிக்சருக்குப் போக இடமில்லை, இதோ ஆம்ப் இருக்கிறது என்று கடைசி நிமிடத்தில் ஒரு ஆம்ப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். நேரமில்லாமல் அதன் முன்பக்க இன்புட்டில் மாட்டினேன். என் பெடலின் ஆம்ப், அதற்கு மேல் அந்த ஆம்ப்பின் ப்ரீஆம்ப் (டோனைச் செய்யும் முதல் பகுதி), இரண்டு கேபினெட் என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அன்று மாலை முழுவதும் சேற்றில் நடந்த மாதிரி இருந்தது. பின்பக்கம் ப்ரீஆம்ப்பைத் தாண்டிப் போகும் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் என்று ஒரு துளை இருக்கும், அதில் மாட்டிவிட்டு பெடலில் கேபினெட்டை மட்டும் அணைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் சரியாகியிருக்கும். இப்போது அதற்கென்றே ஒரு பிரீசெட் (பெடலில் சேமித்து வைத்த டோன்) தொகுதி தனியாக வைத்திருக்கிறேன்.

ஆனால் என் உறுதியான கருத்து, ஒரு வழியைத் தேர்ந்தெடுத்து அதையே பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான். பெடலில் இருந்து எக்ஸ்எல்ஆர் கேபிளில் (மைக்குக்குப் போடும் மூன்று முள் கேபிளில்) நேராக மிக்சருக்கு, எக்ஸ்எல்ஆர் இல்லையென்றால் சொந்தமாக ஒரு டிஐ பாக்ஸ் (வாத்தியச் சத்தத்தை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) வழியாக. இன்று இங்கே ஆம்ப், நாளை அங்கே மிக்சர், மறுநாள் நண்பனின் கீபோர்டு ஸ்பீக்கர் என்று மாற்றிக்கொண்டே இருந்தால் எந்தப் பெடலும் ஒரே மாதிரி ஒலிக்காது. மிக்சர் பக்கம் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (சில மைக்குகளுக்காகக் கேபிள் வழியே அனுப்பும் மின்சாரம்) போட்டிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு மாட்டுங்கள், சில பெடல்களுக்கு அது ஆகாது, கையேட்டில் எழுதியிருக்கும். பெடலின் வெளியீடு மைக் அளவிலா அதைவிடப் பலமான லைன் அளவிலா என்பதையும் சவுண்ட்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் லைன் அளவில் விட்டு அவர் மைக் என்று நினைத்துக்கொண்டு கெயினை (உள்ளே வருவதைப் பெருக்கும் குமிழை) திறந்தால் முதல் கார்டிலேயே மிக்சரில் சிவப்பு விளக்கு எரியும், அவர் கோபத்தில் உங்களை அடியோடு இறக்கிவிடுவார், அந்த நிகழ்ச்சி முழுக்க நீங்கள் எழுந்திருக்க முடியாது.

ஸ்டீரியோவும் இப்படித்தான் ஏமாற்றும். ஹெட்போனில் இடது வலதாக ஓடும் டிலே (வாசித்தது சற்றுத் தாமதித்துத் திரும்ப ஒலிப்பது) அத்தனை அழகாக இருக்கும், மண்டபத்தில் ஒரே ஒரு கேபிளைக் கொடுத்தால் அதில் பாதி காணாமல் போகும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தாலும் ஸ்டீரியோ கோரஸ் (ஒரு கிட்டார் பல கிட்டார் மாதிரி கேட்கச் செய்வது) ஒன்றை ஒன்று தின்று மெலிந்துவிடும். நம் சமூக மன்ற நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் இடது வலது பிரிவில்லாத மோனோதான், அதனால் மோனோவில் கேட்டே டோனைச் செய்வது நல்லது.

உள்ளே போவதைப் பற்றி அதிகம் பேர் யோசிப்பதே இல்லை, எனக்கு இதுதான் பெரிய வருத்தம். நண்பன் செய்த பிரீசெட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு "அவனுக்கு நல்லா இருக்கு, எனக்கு இல்லையே" என்கிறார்கள். தந்தியின் அசைவை மின்சாரமாக்கும் பகுதிதான் பிக்கப்; அவன் இரட்டைச் சுருள் உள்ள ஹம்பக்கர் பிக்கப் கிட்டாரில் செய்திருப்பான், இவனிடம் இருப்பது ஒற்றைச் சுருள் உள்ள சிங்கிள் காயில். ஹம்பக்கர் பொதுவாக அதிக பலத்தோடு தள்ளும். ஆம்ப் மாடல் என்பது உள்ளே வரும் பலத்துக்கு ஏற்பக் கிழியும் ஒன்று, ஆகவே அவனுக்கு மெல்லக் கரகரக்கும் இடத்தில் இவனுக்குச் சுத்தமாகவே நிற்கும். பல பெடல்களில் இன்புட் அளவைச் சரிசெய்ய ஓர் அமைப்பு இருக்கும், ஒரு தடவை சரியாக வைத்துவிட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிட்டார் மாற்றி வாசிப்பவர் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித் தொகுதி வேண்டும், சோம்பல் படக் கூடாது.

கேபிளும் இதில் சேர்த்தி. கிட்டார் கேபிளுக்கு மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் அளவில் கெபாசிட்டன்ஸ் (மின்சாரத்தைத் தேக்கும் தன்மை) இருக்கும், பிக்கப்போடு சேர்ந்து அது மேல்சுருதியைக் கொஞ்சம் மழுக்கும். வீட்டில் 6 மீட்டர் கேபிளில் டோன் செய்துவிட்டு மேடையில் ஓடியாட வேண்டும் என்று வயர்லெஸ் மாட்டுகிறார்கள், வயர்லெஸில் அந்தச் சுமை இல்லை, சத்தம் சட்டென்று கூர்மையாகிவிடுகிறது. எங்கள் குழுவின் இரண்டாவது கிட்டார்காரர் ஒரு வருடம் இதற்காக ஈக்யூவோடு (பேஸ், மிட், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் அமைப்போடு) போராடினார். ஒரு நாள் பழைய கேபிளை மாட்டிப் பார்க்கச் சொன்னேன், அவ்வளவுதான், அவருடைய பழைய சத்தம் திரும்பி வந்துவிட்டது. வயர்லெஸில்தான் வாசிப்பீர்கள் என்றால் வயர்லெஸில்தான் டோனும் செய்ய வேண்டும். கிட்டாரில் இருந்து வரும் கம்பி முதலில் மாடலருக்கே போகட்டும், அதன் இன்புட் 1 மெகாஓம் அளவில் கிட்டாருக்கென்றே செய்யப்பட்டது. கிட்டாரை நேரே மிக்சரில் மாட்டினால் உயிரில்லாமல் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தந்தியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, நாம் இருப்பது சிங்கப்பூரில். இந்த ஈரக்காற்றுக்கும் கை வியர்வைக்கும் தந்தி சீக்கிரம் துருப்பிடித்து மங்கிவிடும். மங்கிய தந்தியில் ட்ரெபிளைக் கூட்டி டோன் செய்துவிட்டு, நிகழ்ச்சிக்கு முதல் நாள் ஆசையாகப் புதுத் தந்தி மாட்டினால் கண்ணாடி உடைந்த மாதிரி இருக்கும். நான் நிகழ்ச்சிக்கு மூன்று நான்கு நாள் முன்பு மாற்றுகிறேன், எப்போதும் அதே நிறுவனம், அதே தடிமன். பிக்கும் ஒரே தடிமன். சின்ன விஷயம் மாதிரி தெரியும், காதுக்குப் பெரிதாகத் தெரியும்.

நம் மிருதங்கக்காரர்களைப் பாருங்கள். வீட்டில் சுருதி சேர்த்துவிட்டோமே என்று எந்த வித்துவானாவது மேடையில் போய் அப்படியே வாசிக்கிறாரா? மண்டபத்து ஏசி காற்று பட்டதும் தோல் நகரும் என்று அவருக்குத் தெரியும், கல்லையும் புள்ளையும் எடுத்துக்கொண்டு தட்டித் தட்டிச் சேர்ப்பார், தொப்பிக்கு ரவை பூசுவார், பாடகர் தொண்டையைச் செருமிக்கொண்டு காத்திருப்பார். யாரும் அவசரப்படுத்துவதில்லை. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் கையில் இருந்ததும் மின்சார வாத்தியம்தான், அவர் இழுத்த கமகத்தில் ஒவ்வொரு அசைவும் கடைசி வரிசை வரை கேட்டது. கிட்டார்காரனுக்கு மட்டும் ஏன் "பிளக்கைச் சொருகு, ஆரம்பி" என்கிறோம்?

பிரீசெட்களுக்கு இடையே சத்தம் ஏறி இறங்குவது இன்னொரு நோய். கரகரப்பில்லாத கிளீன் டோனில் தந்தியைத் தட்டியதும் உச்சம் துள்ளி எழும், டிஸ்டார்ஷனில் அந்த உச்சி வெட்டப்பட்டுத் தட்டையாகிவிடும், ஆகவே மீட்டரில் இரண்டும் ஒரே உயரத்தைக் காட்டினாலும் காதுக்கு டிஸ்டார்ஷன்தான் அதிகம் கேட்கும். மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. ஒத்திகையில் டிரம்ஸும் பேஸும் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு டோனாக மாற்றி, பாடகரையோ கீழே நிற்கும் ஒருவரையோ "எது தூக்கலாக இருக்கிறது" என்று கேட்டுச் சரிசெய்யுங்கள். அதையும் ஆம்ப் மாடலில் இருக்கும் மாஸ்டர் குமிழில் செய்ய வேண்டாம், பல மாடல்களில் அது பவர் ஆம்ப்பின் குணத்தையே மாற்றும். சத்தத்தை மட்டும் மாற்றுவதற்கென்று சேனல் வால்யூம் அல்லது வெளியீட்டு அளவு தனியாக இருக்கும். லீடுக்கு 3 டெசிபல் கூட்டினால் பெரும்பாலும் போதும், அதோடு மிட்டை லேசாகத் தூக்கினால் ஸ்வரம் தானாக முன்னால் வந்து நிற்கும்.

என் அண்ணன் மகன் ஐந்து பாட்டுக்கு ஐந்து வெவ்வேறு ஆம்ப் வைத்திருந்தான். கேபினெட்டும் ஒவ்வொன்றிலும் வேறு. இப்படிச் செய்தால் ஒவ்வொரு பாட்டிலும் சவுண்ட்காரருக்குப் புதிதாக ஒருவர் மேடையேறிய மாதிரிதான். நான் அவனை ஒரே ஆம்ப், ஒரே கேபினெட்டுக்குக் கொண்டுவந்தேன். கெயினும் எஃபெக்டும் மட்டும் காலால் மாறும், மற்றதெல்லாம் அடித்தளமாக அப்படியே இருக்கும். கிட்டாரின் அடி ஈ தந்தி 82 ஹெர்ட்ஸ், அதற்குக் கீழே உருண்டுகொண்டிருப்பது நமக்கு வேண்டாத சத்தம், 80இல் இருந்து 100க்குள் ஓர் இடத்தில் வெட்டினோம். மேலே 6000க்கு அருகில் வெட்டினோம். ரிவர்பைப் பாதிக்கு மேல் குறைத்தோம், ஏனென்றால் மெத்தையும் அலமாரியும் இருக்கும் அறையில் வறண்டு கேட்பது சிமெண்டுச் சுவரும் பளபளப்பான தரையும் உள்ள பலநோக்கு மண்டபத்தில் வறண்டு கேட்காது, அந்த மண்டபமே வேண்டிய அளவுக்கு எதிரொலிக்கும். மண்டபத்துக்கு மண்டபம் செய்ய வேண்டிய திருத்தம் எதுவானாலும் எல்லா டோனுக்கும் பொதுவான குளோபல் ஈக்யூவில் மட்டும், பிரீசெட்டுக்குள் போகக் கூடாது என்று சத்தியமே வாங்கிக்கொண்டேன்.

மின்சாரத்தைப் பற்றி இரண்டு வரி. டிஜிட்டல் பெடல் சாதாரணப் பெடலை விட அதிக மின்னோட்டம் கேட்கும், பெட்டியோடு வந்த அடாப்டரையே கொண்டுபோங்கள், மற்ற பெடல்களோடு ஒரே வயரில் தொங்கவிட்டால் கீச்சென்று இரையும். புளோக் கீழ்த்தளத்தில் நீண்ட எக்ஸ்டென்ஷன் கயிற்றில் விளக்கும் மிக்சரும் பெடலும் தொங்கும்போது ஒரு "ம்ம்ம்" வந்தால் பயப்பட வேண்டாம், டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்ற சிறு பொத்தானை அழுத்திப் பாருங்கள். அப்புறம், நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம் பெடலின் மென்பொருளைப் புதுப்பிக்காதீர்கள். சில புதுப்பிப்புகளில் ஆம்ப் மாடல்களின் கணக்கையே திருத்தியிருப்பார்கள். முதலில் உங்கள் பிரீசெட்களைக் கணினியில் சேமித்து வையுங்கள்.

இனி ஏற்பாட்டாளர்களிடம் ஒரு வேண்டுகோள், கடிதத்தின் நோக்கமே இதுதான். நம் இந்திய நற்பணிக் குழுக்களும் சங்கங்களும் இளையர்களுக்கு மேடை கொடுக்கின்றன, அதற்கு என் மனமார்ந்த நன்றி. ஆனால் சவுண்ட் செக் என்று வரும்போது பாடகர் மைக்கில் "ஹலோ, ஹலோ" சொன்னதும் முடிந்துவிடுகிறது, வாத்தியக்காரர்கள் கூட்டம் உட்கார்ந்த பிறகு மேடையில் பிளக்கைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கிட்டாருக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். மிக்சரில் ஓர் எக்ஸ்எல்ஆர் வழி, முன்னால் ஒரு மானிட்டர் ஸ்பீக்கர், அவ்வளவுதான் கேட்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தில் பையன் எல்லா டோனையும் ஒரு தடவை மிதித்துக் காட்டுவான், சவுண்ட்காரர் அதிகச் சத்தமான டோனுக்குத் தன் கெயினை வைத்துக்கொள்வார், அதற்கப்புறம் மாலை முழுக்க அவருக்கும் வேலை குறைவு. நிகழ்ச்சிப் படிவத்தில் பாட்டின் பெயர், குழுவின் பெயர், சாப்பாடு எத்தனை பேருக்கு என்றெல்லாம் கேட்கிறீர்கள், "என்ன வாத்தியம், எந்த வகை இணைப்பு வேண்டும்" என்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மேடையில் சத்தம் சரியில்லை என்றதும் பிள்ளையைப் பெனின்சுலா ஷாப்பிங் சென்டருக்கு அழைத்துக்கொண்டு போய் இன்னொரு பெட்டி வாங்கிக் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் ஸ்டூடியோவுக்கு ஐந்தாறு தடவை அனுப்புங்கள், ஒரு நல்ல கேபிளும் டிஐ பாக்ஸும் வாங்கிக் கொடுங்கள்.

பொங்கல் நிகழ்ச்சி ஒன்றில் அண்ணன் மகன் அதே பெடலோடு மறுபடி வாசித்தான். முழுக்கச் சரியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன், ஒரு பாட்டில் டிலே கொஞ்சம் அதிகம்தான், ஆனால் முதல் பாட்டில் அவன் வாசித்த ஒவ்வொரு கார்டும் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது, ஒரு தடவைகூட அவன் குனியவில்லை.

ஏதாவது ஒரு சமூக மன்றம் சனிக்கிழமை காலையில் தன் மண்டபத்தையும் ஸ்பீக்கரையும் மூன்று மணி நேரம் திறந்துவிட முன்வந்தால் நான் இலவசமாக வந்து உட்காரத் தயார், எங்கள் சவுண்ட்காரரையும் அழைத்து வருகிறேன். பிள்ளைகள் தங்கள் பெடலோடு, மேடையில் வாசிக்கும் அதே கிட்டாரையும் அதே கேபிளையும் கொண்டுவரட்டும், ஹெட்போன் வேண்டாம். விருப்பமுள்ள மன்றங்கள் உங்கள் அலுவலகம் வழியாகத் தெரிவித்தால் போதும், உங்களிடம் என் தொலைபேசி எண் இருக்கிறது.

இப்படிக்கு,
கிட்டார் வாசிக்கும் ஒரு வாசகர்,
ஈசூன்